மிக்ஸி வாஷரும் ஆன்லைன் கடையும்

அன்புள்ள அக்கா,

உங்கள் தொழில் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆன்லைன் கடை ஒன்று ஆரம்பிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. என்ன விற்பது என்பதில்தான் நிற்கிறேன். மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, காட்டன் சேலை, மொபைல் கவர் என்று நான்கு யோசனைகள். எதைத் தேடிப் பார்த்தாலும் ஏற்கெனவே நூறு பேர் விற்கிறார்கள். போட்டி குறைவாகவும் லாபம் நன்றாகவும் இருக்கிற பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பா பொள்ளாச்சியில் முப்பது வருடமாக மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முட்டி வலி அதிகமாகிவிட்டதால் தை மாதத்தோடு கடையைக் காலி செய்கிறோம். பழைய பாகங்கள் மூன்று பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. எடைக்குப் போட்டால் வரும் பணத்தையும் முதலீட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். போன மாதம் டாலஸில் இருக்கும் அத்தை பெண் மிக்ஸி ஜார் வாஷர் கிடைக்கவில்லை என்று போன் செய்தாள். அப்பா கவரில் போட்டு அனுப்பிவைத்தார். இந்த மாதிரி வேலைகளிலேயே அவர் நேரம் போய்விடுகிறது.

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்வி முதல் பத்தியில் இருக்கிறது. பதிலை இரண்டாவது பத்தியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் அத்தை பெண்ணை நினைத்துப் பாருங்கள். டாலஸில் அவருக்கு முருங்கைக்காய் கிடைக்கிறது, இட்லி அரிசி கிடைக்கிறது. ஜார் மூடியில் உட்காரும் ரப்பர் வளையம் மட்டும் கிடைக்கவில்லை. அது தளர்ந்தால் சட்னி சுவரெல்லாம் தெறிக்கும். ஆசையாக வாங்கிய மிக்ஸி முப்பது ரூபாய் ரப்பருக்காகச் சும்மா நிற்கிறது. அவர் விலை கேட்கவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை. 'கிடைக்குமா' என்று மட்டும்தான் கேட்டார். இப்படிக் கேட்கிற ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் நீங்கள் தேடுகிற தொழில் இருக்கிறது.

உங்கள் நான்கு யோசனைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எண்ணெய்க்கும் மாவுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும். எண்ணெய் கனம், ஒழுகும். மாவில் வண்டு வரும். மொபைல் கவரில் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது.

சேலை நான் விற்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 1,200 ரூபாய்ச் சேலையில் 300 ரூபாய் நின்றது. பத்து ஆர்டர் போனால் இரண்டு திரும்பி வரும். கலர் போட்டோவில் இருந்த மாதிரி இல்லை என்பார்கள், கேஷ் ஆன் டெலிவரியில் ஆள் வீட்டில் இருக்க மாட்டார். மீதி எட்டுக்கு 2,400 ரூபாய். திரும்பி வந்த இரண்டுக்கும் போகவர கூரியர் 300 போனது. ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 200 ரூபாய் வீதம் பத்துக்கு 2,000. பத்து சேலை மடித்து, பேக் செய்து, போனில் பேசி, கடைசியில் கையில் நின்றது 100 ரூபாய். துணி நல்ல துணிதான், தறிக்காரரும் நேர்மையானவர்தான். ஆனால் என் சேலையைத்தான் வாங்க வேண்டும் என்று யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது அதே கணக்கை வாஷருக்குப் போடுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை வாஷரை 60 ரூபாய்க்கு விற்றால் கூரியரே அதை விழுங்கிவிடும். அதனால் ஒற்றையாக விற்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட மாடலுக்குத் தேவையான மூடி வாஷர்கள், ஜாரின் அடி வாஷர், ஒரு ஜோடி கப்ளர் (ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் பல்சக்கரம்) எல்லாம் சேர்த்து ஒரு செட். விலை 349. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 296. பாகங்களுக்கு 120, பேக்கிங்குக்கு 12, கூரியருக்கு 55, பணம் வாங்கும் கட்டணம் 8. மிச்சம் 101. நான் பத்து சேலையில் பார்த்ததை ஒரு கவரில் பார்க்கலாம். விளம்பரச் செலவு அறவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடல் பெயரோடு தேடுகிறவர் வாங்கும் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டவர். அவர் கண்ணில் பட்டால் போதும்.

இன்னொரு விஷயம். அமேசான் 1995இல் விற்பனையைத் தொடங்கியபோது புத்தகத்தைத்தான் எடுத்தது. எந்தக் கடை அலமாரியும் கொள்ளாத அளவுக்குத் தலைப்புகள் இருந்ததுதான் காரணம். உதிரிப் பாகமும் அதே ஜாதி. பொள்ளாச்சியில் ஒரு கடை எத்தனை மாடலுக்குத்தான் கேஸ்கெட் வாங்கி வைக்கும்? பத்து வருடப் பழைய மாடல் என்றால் 'அது இப்ப வர்றதில்லைங்க' என்று கைவிரித்துவிடுவார்கள். அந்தப் பழைய மிக்ஸிகளோ நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போனது. அவற்றில் நிறைய இன்னும் உழைக்கின்றன. ரப்பரும் பெல்ட்டும்தான் முதலில் தேயும்.

சரி, அப்படியென்றால் இதை எல்லோரும் ஏன் செய்யவில்லை? விற்கிறார்கள். போய் அந்தப் பொருட்களின் கீழே ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'பொருந்தவில்லை', 'அளவு தப்பு', 'லூசாக இருக்கிறது' என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். பொருள் சந்தையில் இருக்கிறது, எது எதற்குப் பொருந்தும் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் உங்கள் வீட்டில் முட்டி வலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊர் ரிப்பேர் கடையில் போன வாரம் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டி மஞ்சப்பையிலிருந்து பழைய குக்கர் கேஸ்கெட்டை எடுத்து, 'இதே மாதிரி ஒண்ணு குடுப்பா' என்றார். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. 'மூடியக் கொண்டு வாங்கம்மா' என்றார். உபயோகித்த ரப்பர் விரிந்துபோயிருக்கும், அதை வைத்து அளவெடுத்தால் தப்பும், மூடியைத்தான் அளக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். பாட்டி மூடியோடு திரும்பவும் வந்தபோது, கடைக்காரர் உள்மூடியா வெளிமூடியா என்று பார்த்தார், எத்தனை லிட்டர் என்று கேட்டார், ஆணியில் தொங்கிய ஐம்பது வளையங்களில் ஒன்றை உருவினார். கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த ஒரு நிமிட அறிவு எந்த இணையதளத்திலும் ஒழுங்காக எழுதிவைக்கப்படவில்லை.

அதை எழுதிவைப்பதுதான் உங்கள் கடை. நீங்கள் மெர்ச்சண்டைசர். ஒரு டி-ஷர்ட்டுக்கு மார்பு அளவு, தோள் அளவு, கை நீளம் என்று ஸ்பெக் ஷீட் போட்டுப் பழகிய கை. அதே ஒழுங்கில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். வெர்னியர் என்ற அளவுக் கருவியால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும், முக்கியமாக எதற்குப் பொருந்தாது. அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பல மிக்ஸிகளில் கப்ளரின் மறை தலைகீழாக இருக்கும். வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருகினால் இன்னும் இறுகும். அப்பா அதைக் கழற்றிக் காட்டுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துக் கழற்றியவர் புதுக் கப்ளரை உங்களிடம்தான் வாங்குவார்.

ஆனால் உடனே பணத்தைப் போடாதீர்கள். தை மாதம் வரைக்கும் கடை திறந்திருக்கிறதல்லவா? கல்லாவில் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் வந்தாலும் என்ன கேட்டார், எந்த மாடல், இருந்ததா இல்லையா, இந்த மூன்றும் போதும். அப்புறம் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் வாயில் வந்த அதே சொல். கப்ளர் என்று தெரிந்து கேட்பவர் குறைவு. 'ஜாருக்கு அடியில இருக்கிற பல்லுச் சக்கரம்' என்பார்கள். கூகுளிலும் அப்படித்தான் தேடுவார்கள். உங்கள் பக்கத்தில் அந்தச் சொற்கள் இருக்க வேண்டும். நோட்டில் எந்தப் பாகம் திரும்பத் திரும்ப 'இல்லை' என்று விழுகிறதோ அதிலிருந்து நாற்பது பாகங்களை எடுத்து, வாட்ஸ்அப்பிலும் யூபிஐயிலுமே இரண்டு மாதம் விற்றுப் பாருங்கள். இருபதாயிரத்துக்கு மேல் இதற்கு ஆகக் கூடாது. ஆர்டர் வந்தால் மூடியின் படத்தையும் மாடல் எண்ணையும் கேட்டு வாங்கின பிறகே அனுப்புங்கள். தப்பான பாகம் போவதுதான் இந்தத் தொழிலின் ஒரே பெரிய நஷ்டம்.

சட்டம் பற்றி இரண்டு மூன்று சொல்ல வேண்டும். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கிறீர்கள் என்றால், சில கைவினைப் பொருட்கள் போன்ற விலக்குகள் தவிர, விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதுவரை தமிழ்நாட்டுக்குள் விற்றுப் பழகலாம். கம்பெனி பெயரைச் சொல்லி 'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று எழுத 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 30ஆம் பிரிவில் இடம் தருகிறது. கம்பெனியின் லோகோவைப் போட்டு அவர்கள் பொருள்போலக் காட்டினால் வழக்கு வரும், வரவும் வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு அங்கே இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் போய்விட்டது. சின்னக் கவருக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் முதலில் சுலபம். அங்கே மின்சாரமும் நம் ஊர்போல 230, 240 வோல்ட்தான், அதனால் நம் ஊர் மிக்ஸிகளே நேராக ஓடுகின்றன. அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் அங்கே விற்கும் மாடல்களின் மோட்டார் வேறு.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கச் சொல்வேன். குக்கரின் சேஃப்டி வால்வையும் கேஸ்கெட்டையும் பெயர் தெரியாத இடத்தில் மலிவாக வாங்கி விற்காதீர்கள். அதற்கு முன்னால் ஒருத்தர் நின்று சமைக்கிறார். கம்பெனி அசல் கிடைத்தால் விற்கலாம், இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். லாபத்தில் பத்து ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

அந்த மூன்று பெட்டிகளை எடைக்குப் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பழைய ரப்பரை விற்க முடியாது, வருடக்கணக்கில் கிடந்தால் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். இப்போது கடைகளில் இல்லாத மாடல்களின் அளவு ஏறக்குறைய அதற்குள்தான் இருக்கிறது, ஜாரிலோ மூடியிலோ வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ரப்பர் வார்த்துத் தரும் சின்னப் பட்டறைகளில் மாதிரி கொடுத்தால் செய்து தருவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியை அவர் முன்னால் கொட்டி, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து எந்த மிக்ஸியினுடையது என்று கேளுங்கள். அவர் சொல்வதை மாஸ்கிங் டேப்பில் எழுதி அதன்மேலேயே ஒட்டுங்கள். ஒரு பெட்டி முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா