மூடுல் நிறுவியாயிற்று, ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பை விடவில்லையே?

கேள்வி: அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் மூடுல் கற்றல் தளத்தை நிறுவி, அதன் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மூன்று பயிலரங்குகள் நடத்திவிட்டேன். இன்றும் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு பி.டி.எஃப். கோப்பை ஏற்றிவைப்பதோடு சரி. மற்ற எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் நடக்கிறது. தளத்தைக் கட்டாயமாக்கும்படி முதல்வரிடம் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கேட்க வேண்டாம். கட்டாயமாக்கினால் எண்ணிக்கை உயரும்; கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கேட்கும்போது காட்டுவதற்குப் பாடம்தோறும் ஒரு பக்கமும் பக்கம்தோறும் ஒரு கோப்பும் இருக்கும். ஆனால் கற்பித்தல் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பிற்குத் திரும்புவதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அங்கே அனுப்பியது போய்ச் சேர்கிறது, போய்ச் சேர்ந்தது கண்ணுக்கும் தெரிகிறது. உங்கள் தளம் அந்த உறுதியைத் தரவில்லை என்பதே அவர்களுடைய குறை.

இதை நான் கற்றுக்கொண்டது பயிலரங்கில் அல்ல, வரலாற்றுத் துறை ஆசிரியர் ஒருவரின் மேசைக்கு அருகே உட்கார்ந்திருந்தபோது. படங்கள் நிறைந்த பவர்பாயின்ட் கோப்பு ஒன்றை அவர் ஏற்ற முயன்றார். அளவு 18 எம்.பி. கோப்பு மிகப் பெரியது என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கைப்பேசியை எடுத்து அதே கோப்பை வகுப்புக் குழுவில் அனுப்பிவிட்டார். தமக்கு இதெல்லாம் வராது என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார். உண்மையில் தவறு என்னுடையது. மூடுல் இயங்கும் பி.எச்.பி. மென்பொருளில், ஒரு கோப்பின் அளவுக்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் உச்சவரம்பு வெறும் 2 எம்.பி.தான், தளத்தைப் பராமரித்த நான் அதை உயர்த்தவே இல்லை. இந்த வரம்பு சர்வர், தளம், பாடப்பிரிவு, ஒப்படைப்பு என்று பல அடுக்குகளில் இருக்கிறது; எது மிகக் குறைவோ அதுவே செல்லும். எனவே ஓரிடத்தில் மட்டும் உயர்த்திவிட்டு நிம்மதியடையாதீர்கள். அதே கையோடு 'கிரான்' என்னும் பின்னணிப் பணி நிமிடத்திற்கு ஒரு முறை ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது நின்றுபோனால் அறிவிப்பு மின்னஞ்சல்கள் வெளியே போகா. மாணவர்கள் பதிலளிப்பதில்லை என்று ஆசிரியர்கள் நொந்துகொள்வார்கள்.

மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டௌகியாமாசும் உங்களைப் போல ஆதரவுப் பணியில் இருந்தவர்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற கட்டணக் கற்றல் தளத்தைப் பராமரித்துவந்தவர், அதில் கண்ட மனக்குறைகளால் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். முதல் பதிப்பு 2002 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தது.

அடுத்து, தளம் முழுவதையும் கற்றுக்கொடுக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைவலியாக இருக்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அகமதிப்பீட்டுக்கான ஒப்படைப்புகளைப் பெறுவதே அதற்கு ஏற்றது என்பேன். அறுபது பேரின் தாள்களை வாங்கி, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பதிவேட்டில் குறித்து, மதிப்பெண்ணை மறுபடி எக்செல்லில் ஏற்றும் வேலையைத் தளம் தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது, பயன் அந்தப் பருவத்திலேயே தெரிந்துவிடும். இதில் ஒரு நுட்பத்தை மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்: மூடுலில் கெடு தேதி வேறு, அடைப்புத் தேதி வேறு. கெடு தேதி கடந்தாலும் தாள் ஏற்கப்படும், தாமதம் என்ற குறிப்பு மட்டும் விழும். அடைப்புத் தேதிக்குப் பிறகு எதுவும் நுழையாது. இது தெரியாத ஆசிரியர், தாமதமாக வந்த தாள்களைக் கண்டு தளம் சொன்னபடி கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்.

தமிழ்த் துறையைத் தனியாகக் கவனியுங்கள். பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு முறை இதைப் பார்த்தவர் மறுமுறை தளத்தின் பக்கம் வரமாட்டார். அவர்களுடைய வினா வங்கியில் முதல் ஐம்பது கேள்விகளை நீங்களே யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். பயிற்சி கொடுப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

இணையவழித் தேர்வை முதல் பருவத்தில் தொடாதீர்கள். முந்நூறு பேர் காலை 10 மணிக்கு ஒரே நொடியில் உள்ளே நுழைந்தால் சிறிய சர்வர் திணறிவிடும். விடைகள் நிமிடத்திற்கு ஒரு முறை தானாகச் சேமிக்கப்படும் என்பது ஆறுதல்தான் என்றாலும், ஒரு தேர்வு நின்றுபோனால் ஈராண்டு நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். பின்னாளில் நடத்தும்போது பிரிவு பிரிவாகப் பதினைந்து நிமிட இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். காப்புப்பிரதி எடுக்கையில் தரவுத்தளத்தோடு, ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறையையும் சேர்த்து எடுக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் மதிப்பெண்கள் மிஞ்சும், மாணவர்களின் தாள்கள் மிஞ்சா.

யாரிடம் தொடங்குவது என்பதற்கு புதுமைகள் பரவும் விதத்தை ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் முன்வைத்த பகுப்பு உதவும். புதியதை ஏற்பதில் முந்தும் 16 சதவீதத்தினர் அழைக்காமலே வருவார்கள். கடைசி 16 சதவீதத்தினரை இப்போது துரத்திப் பயனில்லை. எஞ்சிய 68 சதவீதத்தினர் பக்கத்து மேசையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள். ஆகவே துறைக்கு ஒருவராகப் பிடிப்பதைவிட, ஒரே துறையில் நான்கு பேரைப் பிடிப்பது நல்லது.

முதல்வரிடம் கேட்க வேண்டியது வேறு. உங்கள் பாடவேளையில் வாரம் நான்கு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் ஓய்வறையிலேயே ஒரு மேசை போட்டு உட்காருங்கள். ஆய்வகத்திற்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள், தேநீர் குடிக்க வரும் இடத்தில் கேட்டுவிடுவார்கள். ஆய்வக உதவியாளர் ஒருவருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்துப் பழக்குங்கள். இல்லையெனில் நீங்கள் மருத்துவ விடுப்பில் இருக்கும் வாரத்தில் கடவுச்சொல் மறந்தவர் எல்லாரும் வாட்ஸ்அப்பிற்குத் திரும்பியிருப்பார்கள்.

பருவ முடிவில் எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை ஒப்படைப்புகளுக்குத் தளத்திலேயே மதிப்பெண்ணும் கருத்தும் இடப்பட்டன என்று எண்ணுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு முதல்வரைப் பாருங்கள். கட்டாயமாக்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.