கலை வரலாற்றில் பெண் ஓவியர்களைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

ஊட்டியில் படிக்கிறீர்கள், பாடநூலில் பெண் பெயர்களே இல்லை, கட்டுரையை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் சேர்ப்பதை விடுங்கள். பெயர் எப்படிக் காணாமல் போனது என்று பாருங்கள்.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஜூடித் லேஸ்டரின் படம் ஒன்று அதே காலத்து ஆண் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக விலைபோனது. 1893இல்தான் அதிலிருந்த அவரது கையொப்பமான 'ஜே எல்' எழுத்துகளையும் நட்சத்திரத்தையும் கவனித்தார்கள்.

பயிற்சியையும் பாருங்கள். லண்டன் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தை 1768இல் நிறுவியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரு பெண்கள் உண்டு. ஆனால் ஓவியர் ஜோஹன் சோஃபனி தீட்டிய உறுப்பினர் குழுப்படத்தில், ஆண்கள் ஆடையற்ற மாடலைச் சுற்றி நிற்க, இவர்கள் சுவரில் மாட்டிய உருவப்படங்களாகத்தான் இருக்கிறார்கள்! மனித உடலைப் பார்த்து வரையும் வாய்ப்பில்லாதவருக்கு, அன்று உயர்வாக மதிக்கப்பட்ட புராண, வரலாற்று ஓவியம் எளிதில் கைவராது.

உள்ளூரில் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூந்தையல் இருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, தைப்பவர்கள் பெண்கள். முன்வரைவு கிடையாது, வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுவார்கள். துணியைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள். முத்தோரை பாலடா பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள்.

பலர் சறுக்கும் இடம் படவிளக்கம். 'பழங்குடிக் கைவினை' என்று மட்டும் போட்டால் லேஸ்டருக்கு நடந்ததே இங்கேயும் நடக்கும். தைத்தவர் சம்மதித்தால் அவர் பெயர், மந்து (தோடர் குடியிருப்பு), தைத்த ஆண்டு, நூல் வகை நான்கையும் அன்றே குறித்துவிடுங்கள்.