லோடு வண்டிக்கு டீசலா, பெட்ரோலா? கேட்டவர்களுக்குப் பதில்

குட்டியானை (டாடா ஏஸ்), தோஸ்த், பொலேரோ பிக்கப் என்று லோடு வண்டிகளாகவே வந்து போகும் பட்டறை என்னுடையது. வாங்கும் முன் கேளுங்கள் என்றேன். வாங்கி முடித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், பரவாயில்லை.

அண்ணே, மாதவரத்தில் தண்ணீர் கேன் போடுகிறேன். ஒரு நாளைக்கு 40 கி.மீ. தாண்டாது, ஆனால் தெருவுக்குத் தெரு நிற்க வேண்டும். "லோடு என்றாலே டீசல்தான்" என்கிறார் அப்பா. எதை எடுக்கட்டும்?

பெட்ரோல் எடுங்கள் தம்பி. அப்பா சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது டீசல் மட்டும்தான்: 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். 2012 வாக்கில் பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 30 ரூபாய் வரை மலிவு. அப்போது யோசிக்கவே வேண்டியதில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபின் அந்தக் கதை முடிந்தது. சென்னையில் கடந்த சில வருஷங்களாக பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டியும் டீசல் 92-ஐ ஒட்டியும்தான் நிற்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டி 15 கி.மீ., டீசல் 19 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய், 4.84 ரூபாய். மிச்சம் 1.83. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அதை எடுக்கவே சுமார் 55,000 கி.மீ. ஓட வேண்டும். நீங்கள் வருஷத்துக்கு 12,000 ஓடுவீர்கள். நாலரை வருஷம் ஆகும், கடன் வட்டி தனி. தினம் 120 கி.மீ. ஓடுகிறவருக்கு அதே பணம் ஒன்றரை வருஷத்தில் வந்துவிடும். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஏரியாவில் ஓட்டுகிறவரிடம் மைலேஜ் கேட்டு, ஷோரூமில் விலை கேட்டு, அதையே போட்டுப் பாருங்கள். விற்கிறவர் சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள்.

இன்னொன்று, 20 லிட்டர் கேன் ஒன்று 21 கிலோவுக்குக் குறையாது. 750 கிலோ ஏற்றும் வண்டியில் 35 கேன்தான் கணக்கு. ஐம்பது ஏற்றிவிட்டு "பெட்ரோல் இழுக்கவில்லை" என்று வராதீர்கள்.

வாங்கிவிட்டேன் சார், டீசல். டவுனுக்குள்தான் ஓடுகிறது. டிபிஎஃப் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. மெக்கானிக் "அதைக் கழற்றிப் போட்டுடலாம்" என்கிறார்.

கழற்றாதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து டீசல் வண்டிகளின் பெரிய தலைவலி இதுதான். டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி, கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் கொஞ்சம் கூடுதல் டீசல் விட்டு, 600 டிகிரி வரை சூடாக்கி, அந்தக் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். அதற்குக் கால் மணி நேரமாவது சீரான ஓட்டம் வேண்டும். மார்க்கெட்டுக்கும் கடைக்கும் நடுவே நின்று நின்று போகிற வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? பாதியில் சாவியைத் திருப்பி அணைக்க அணைக்க, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது கலந்த டீசல்.

வாரம் ஒருமுறை பைபாஸில் இருபது நிமிஷம், 60-க்குக் குறையாமல், கியரைச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள். ஆயில் மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கென்று உள்ள சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். கழற்றிவிட்டால் எஃப்சி-யில் (தகுதிச் சான்றுச் சோதனையில்) மாட்டுவீர்கள், வண்டியின் கம்ப்யூட்டரும் பிழை காட்டிக்கொண்டே இருக்கும்.

ஊட்டிப் பக்கம் கேரட் தோட்டம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறோம். பெட்ரோல் குட்டியானை போதுமா அண்ணா?

உங்களுக்கு டர்போ டீசல். தோஸ்த் அல்லது பொலேரோ பிக்கப் பாருங்கள். காரணம் மைலேஜ் இல்லை, காற்று. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். 30 குதிரைத்திறன் உள்ள பெட்ரோல் குட்டியானை அங்கே 24-ஆகத்தான் இருக்கும். டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

கேரட் இறங்கும்போதுதானே லோடு என்பீர்கள். திரும்பி ஏறும்போது உர மூட்டை இல்லாமல் எந்த வண்டி வருகிறது? இறக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காக டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடேறிப் போகும்.

எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதற்காகவே டீசலுக்குப் போகலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால், சுத்த பெட்ரோலோடு பார்க்கையில் ஆறு ஏழு சதவீதம் மைலேஜ் அடிபடலாம். கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளின் குழாய், வாஷர் எல்லாம் இதற்குத் தாங்கும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கில் தண்ணீர் சேரும், அதைப் பாருங்கள்.

டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுளாமே?

அது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை. எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி, அவ்வளவுதான்.

அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன். பழைய டிமோ பட்டா ஒண்டு விலைக்கு வந்திருக்கு, டீசல். என்னத்தைப் பாத்து வாங்க வேணும்?

நம்ம ஊர் டாடா ஏஸ்தான் உங்கள் பட்டா. காலையில், விற்கிறவர் ஸ்டார்ட் செய்யும் முன் போய் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குப் குப் என்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜெக்டர் அல்லது காற்று வடிகட்டி, விலையைக் குறைத்து வாங்கலாம். வெள்ளைப்புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சிஎன்ஜி?

வழியில் பங்க் இருந்து, வரிசை சிறியதாக இருந்தால் நல்லது. சிலிண்டர் எடை உங்கள் லோடிலிருந்து கழியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் டெஸ்ட்டும் உண்டு.

டெக்சாஸில் இருக்கிறேன் சார். ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கி, வருஷத்துக்கு நாலைந்து முறை கேம்பிங் டிரெய்லர் இழுக்க ஆசை. டீசல் அவசியமா?

உங்களுக்கும் பெட்ரோல்தான். அங்கே டீசல் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை அதிகம், இங்கே நாங்கள் போடும் கணக்கே தலைகீழ். எஃப்-150-இல் டீசலை ஃபோர்டே 2021-இல் நிறுத்திவிட்டது. 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல் உங்கள் டிரெய்லருக்குப் போதும். டிரெய்லரின் நாக்கு எடையும் (கொக்கியின் மேல் அது அழுத்தும் எடை) வீட்டு ஆட்களும் சாமானும் சேர்ந்து, ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் பேலோடை, அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையை, தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இழுவைத் திறனுக்கு முன்பே அதுதான் தீர்ந்துபோகும். மாதம் முழுக்க ஐந்து டன் இழுக்கிற தொழில் என்றால் எஃப்-250 டீசலைப் பற்றிப் பேசலாம்.