பசு பாலை அடக்கினால் ஊசியைத் தேடாதீர்கள்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய பசு, என் மனைவி கறந்தால் முழுப் பாலையும் கொடுக்கிறது. நான் உட்கார்ந்தால் உதைக்கிறது, பாலை அடக்கிக்கொள்கிறது. வந்த புதிதில் அதை அடித்தேன் என்பது உண்மைதான். ‘மாட்டுக்கு அவ்வளவு ஞாபகம் ஏது? கறப்பதற்கு முன் ஓர் ஊசி போடுங்கள்’ என்கிறார் தரகர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மாட்டுக்கு ஞாபகம் உண்டு. அடித்தவர் யார், தடவிக்கொடுத்தவர் யார் என்று அது உருவத்தையும் உடையையும் வைத்தே பிரித்தறியும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னை முரட்டுத்தனமாக நடத்தியவர் கறவையின்போது பக்கத்தில் நின்றதற்கே, பசுவின் மடியில் மிஞ்சிய பால் 70 சதவீதம் கூடிவிட்டது.

இதில் வஞ்சம் எதுவும் இல்லை. காம்பை நீவும்போது மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் இரத்தத்தில் கலந்து, மடியின் நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே இறக்குகிறது. மிரண்ட மாட்டுக்கு அது சரியாகச் சுரப்பதில்லை. தரகர் சொல்லும் ஊசியும் இதே ஆக்சிடோசின்தான். தினமும் போட்டால் மடி ஊசிக்குப் பழகிவிடும். பிறகு உங்கள் மனைவி கறந்தாலும் பால் முழுதாக இறங்காது. அப்போது அதே தரகர் வந்து, ‘இது பொல்லாத மாடு, தள்ளிவிடுங்கள்’ என்று பாதி விலைக்குக் கேட்பார். எத்தனையோ தொழுவங்களில் இதைப் பார்த்துவிட்டேன். முந்தைய வேளை கறக்காமல் விட்டு, மடியைப் புடைக்கவைத்துச் சந்தைக்கு ஓட்டி வருகிறவர்களும் இவர்களே. இனி மாடு வாங்கினால், அடுத்தடுத்து இரண்டு வேளை உங்கள் கண்முன் கறந்துகாட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: உதைப்பதற்கு வலியும் காரணமாகலாம். யார் தொட்டாலும் உதைத்தாலோ, ஒரே காம்பைத் தொடும்போது மட்டும் உதைத்தாலோ, அது பயம் அல்ல. முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ நீர்த்தோ வந்தாலும், மடி சூடாகவோ கல்போலவோ இருந்தாலும் மடிநோயாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையையும் பாருங்கள். கட்டைவிரலை மடக்கிக் காம்பை அழுத்திக் கறக்கிறீர்களா? நகம் நீண்டிருக்கிறதா? மனைவி முழுக்கையால் பிடித்து, நீங்கள் விரலை மடக்கிக் கறந்தால், மாடு உதைப்பது உங்களை அல்ல, அந்த வலியை.

வலி இல்லையென்றால், சில வாரங்களுக்குக் கறவையை மனைவியிடம் விட்டுவிடுங்கள். அந்நேரம் தொழுவத்தில் நிற்கவே வேண்டாம். மற்ற வேளைகளில் தீவனம் உங்கள் கையால் போகட்டும். கத்தாதீர்கள், கம்பை எடுக்காதீர்கள், பின்னாலிருந்து நெருங்காதீர்கள். பக்கத்தில் நிற்க விட்டதும் கழுத்தின் அடிப்பக்கத்தைச் சொறிந்துகொடுங்கள். மாடுகளுக்கு அது மிகவும் பிடிக்கும். பின்னங்கால்களைக் கட்டும் அணைகயிறு போட்டுக் கறந்தால் பயம் கூடத்தான் செய்யும்.

இதை உங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். கறவை அளவு, சினை, தடுப்பூசி என்று மாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்புகிறோம். அதை யார், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. பால் குறைந்த பிறகுதான் ஆள் அனுப்புகிறார்கள், அவரும் ஊசியோடு வருகிறார்.

நீங்கள் தொழுவத்துக்குள் வரும்போது பசு அசைபோடுவதை நிறுத்தாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு காம்பில் கை வைக்கலாம்.