சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும் கணினி: வாசகர் கேள்விகள்

கே: கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பிசி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அண்ணே. விண்டோஸ் முடங்கினால் தெரியும் நீலத்திரை வருவதில்லை. இரண்டு முறை ஃபார்மெட் செய்துவிட்டேன். புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை. பவர் சப்ளை 500 வாட்.
– கல்லூரி மாணவர், செந்தூல்

ப: மூன்றாவது ஃபார்மெட் வேண்டாம், தம்பி. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று கிடக்கும். ஒழுங்காக மூடாமல் போய்விட்டதாக விண்டோஸ் புலம்புவது மட்டுமே அது. அதற்குள் பக்செக் கோட் (நீலத்திரைப் பிழையின் எண்) 0 என்றிருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம்.

அணைந்த கையோடு தானே எழுந்துகொள்கிறதா, பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறதா? இரண்டாவது என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது. முதலாவது என்றால், ‘மின்சாரம் சரி’ என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குக் கொடுக்கும் சிக்னல் ஒரு கணம் விழுந்து எழுந்திருக்கும்.

அடுத்து கேபிள். இரட்டைத் தலை கொண்ட ஒரே கேபிளைக் கார்டில் சொருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள். 8 பின் தலை ஒன்றுக்குக் கணக்கு 150 வாட். ஆனால் இப்போதைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தம் அளவை மீறி எகிறி இழுக்கும். பழைய 500 வாட் அங்கேதான் தடுமாறும். சோதித்துப் பார்க்க, கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சார வரம்பை) 70 சதவீதமாக்கி விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் குற்றவாளி பிடிபட்டான். மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நின்றாலும் நம்பிவிடாதீர்கள். அந்தக் கணநேரச் சரிவு மீட்டருக்குத் தெரியாது. நண்பரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நான் நம்பும் சோதனை.

கே: ஏர்கோன் ஓடத் தொடங்கும்போதெல்லாம் கணினி அணைந்து எழுகிறது. விளக்கு லேசாக மங்குவதோடு சரி.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ப: நம் மலேசிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. கரண்ட் விட்டுப்போனால் நல்ல பவர் சப்ளை ஏறக்குறைய ஒரு சுற்று வரை மூச்சைப் பிடித்திருக்கும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் வயதாகிக் காய்ந்துபோனால் அந்த மூச்சு குறையும். விளக்குக்கு வெறும் மங்கல், கணினிக்கு மரணம்!

கணினியை வேறு சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள், எக்ஸ்டென்ஷன் வழியாக வேண்டாம். பிளக் சூடாகிறதா, கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுவது முதல் வேலை. யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வாங்குவதானால் சைன் வேவ், அதாவது சுவர் மின்சாரம் போலச் சீரான அலை, தருவதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவானவை சில, பேட்டரிக்கு மாறும் நேரத்தில் புதிய பவர் சப்ளைகளோடு ஒத்துப்போகாமல் அதே ரீஸ்டார்ட்டைத் தரும்.

கே: கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா போகிறேன். பழைய பவர் சப்ளை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?
– கெப்போங்

ப: வேண்டாம். பழைய கேசிங் வாங்குங்கள், பழைய மானிட்டர் வாங்குங்கள். இது மட்டும் வாரண்டியோடு புதிது.

கே: நானே பவர் சப்ளையைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செராஸ்

ப: திறக்காதீர்கள், ஐயா. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். என் பட்டறையில் நுனி கருகிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று இன்னும் ஆணியில் தொங்குகிறது.

கே: பவர் சப்ளை, ரேம், வயரிங் எல்லாம் மாற்றியாயிற்று. இன்னமும் ரீஸ்டார்ட்!
– செத்தாப்பாக்

ப: முன்பக்க ரீசெட் பட்டனின் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். போன வருடம் ஒரு வீட்டில் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) சிந்தி, சீனி ஒட்டி, அந்தப் பட்டன் பாதி அமுங்கியே கிடந்தது. அதற்குள் அவர்கள் வாங்கிவிட்ட பவர் சப்ளைகள் இரண்டு.