காலுறை அணியக் கற்றுக்கொடுத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடனைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். கரீம் அப்துல் ஜப்பார், பில் வால்டன் போன்ற நட்சத்திர வீரர்கள் கையில் இருந்தால் யார்தான் பத்துப் பட்டம் வெல்ல மாட்டார்கள்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கேள்வியில் சரிபாதி நியாயம் இருக்கிறது. 1964 முதல் 1975 வரை வூடனின் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்) வென்ற பத்துத் தேசியப் பட்டங்களில், அன்று லூ அல்சிண்டர் என்று அறியப்பட்ட அப்துல் ஜப்பார் ஆடியவை மூன்று, வால்டன் ஆடியவை இரண்டு. மற்ற ஐந்தும் இவ்விருவரும் இல்லாமல் வந்தவை. 1964 அணியின் தொடக்க ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. களம் முழுவதும் எதிரணியை நெருக்கி ஆடியே 30 ஆட்டங்களையும் அந்த அணி வென்றது.

அதற்குமுன் பதினைந்து பருவங்கள் வூடன் அங்கே தேசியப் பட்டமில்லாமல் இருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மல்யுத்தக்காரர்களோடும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களோடும் பகிர்ந்துகொண்ட பழைய கூடத்தில், பயிற்சிக்கு முன் தானே தரையைத் துடைத்த காலம் அது.

அவர் அடிப்படையில் ஒரு பள்ளி ஆங்கில ஆசிரியர். ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளிலும், நாடறிந்த வீரர்களை உட்காரவைத்து, காலுறை அணிவது எப்படி என்று பாடம் எடுப்பார்: சுண்டுவிரல் பக்கமும் குதிகாலிலும் மடிப்பு விழாமல் நீவிவிட வேண்டும், பிறகு ஷூவின் கயிற்றைத் துளை துளையாக இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட வேண்டும். மடிப்பு கொப்புளமாகும், கொப்புளம் வந்தவன் பயிற்சிக்கு வரமாட்டான் என்பது அவர் கணக்கு. அவருடைய கடைசிப் பருவத்தில் இரு உளவியலாளர்கள் பயிற்சியின்போது அவர் பேசியதையும் செய்ததையும் பதிவுசெய்து எண்ணினார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல்தான். பாராட்டும் கண்டிப்பும் மிகச் சொற்பம். தவறைத் திருத்தும்போது சரியானதைச் செய்துகாட்டுவார், வீரர் செய்த தவறை நடித்துக்காட்டுவார், மீண்டும் சரியானதைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகளில். (நம் பள்ளிகளில் நடுவிலுள்ளதை மட்டும் நன்றாகச் செய்வார்கள்.)

என் நெருடல் வேறு. சாம் கில்பர்ட் என்ற செல்வந்தர் வீரர்களுக்கு விதிமீறிய சலுகைகள் செய்துவந்தார். வூடன் ஓய்வுபெற்ற பின், 1981இல், அந்த விவகாரத்தில் யுசிஎல்ஏ தண்டிக்கப்பட்டது. காலுறை மடிப்பு வரை பார்த்த கண்ணுக்கு அது தெரியாமல் போனதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.