பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு மெக்கானிக்கல் கீபோர்டு: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அப்பா புனேயில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஸ்பெக்ட்ரம் பிளஸ் கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆன் ஆகிறது, டிவியில் எழுத்தும் வருகிறது. சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. தெரிந்தவர் ஒருவர், விசைக்கு ஒரு தனி சுவிட்ச் வைத்து, 58 விசைகளோடும் புது மெக்கானிக்கல் கீபோர்டு கட்டித் தருகிறேன், பாதிப் பணம் முன்பணம் என்கிறார். கொடுக்கலாமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். முதலில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அதற்குப் பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

உங்களிடம் இருப்பது, இங்கிலாந்தின் சின்க்ளேர் ரிசர்ச் 1984-ல் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை உரிமம் பெற்றுப் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கே விற்றதாக இருக்கும். உள்ளே இருப்பது 1982-ல் வந்த ரப்பர் விசை ஸ்பெக்ட்ரத்தின் அமைப்புதான். விசைகளுக்குக் கீழே மெம்பிரேன் என்ற பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய வால்கள் நீண்டு, சிப்கள் இருக்கும் மெயின் போர்டில் செருகியிருக்கும். ஒன்றில் 5 தடம், மற்றொன்றில் 8 தடம். ஐந்தெட்டு நாற்பது, அதுதான் இந்தக் கம்ப்யூட்டரின் விசைக் கணக்கு. முப்பது நாற்பது வருடத்தில் அந்த வால் காய்ந்த வாழைச் சருகுபோல ஆகிவிடும். மூடியைத் திறந்து லேசாக மடக்கினாலே தடம் விண்டுவிடும்.

எந்தெந்த விசை செத்திருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். 1 முதல் 5 வரை அல்லது 6 முதல் 0 வரை என்று அரை வரிசை மொத்தமாகப் போயிருந்தால், 8 தட வாலில் ஒரு தடம் அறுந்திருக்கிறது. 1, 0, என்டர், ஸ்பேஸ், கேப்ஸ் ஷிப்ட் என்று அரை வரிசைகளின் வெளி ஓர விசைகள் எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால், 5 தட வாலில் கோளாறு. இப்படி ஒரு ஒழுங்கு தெரிந்தால் புது மெம்பிரேன் ஒன்றே பெரும்பாலும் போதும். பழைய மாதிரியிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். பிளஸ்ஸுக்கும் ரப்பர் மாடலுக்கும் மெம்பிரேன் வேறு வேறு என்பதால் ஆர்டரில் ‘பிளஸ்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் அதே விசைகள் வேலை செய்யவில்லை என்றால் போர்டில் உள்ள டையோடோ, விசைகளைப் படிக்கும் யுஎல்ஏ சிப்போ பழுது. அந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள கீபோர்டு கட்டினாலும் பலன் இருக்காது.

மெம்பிரேன் மாற்றி எல்லாம் சரியான பிறகும் மெக்கானிக்கல் வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். நானும் கட்டியிருக்கிறேன். விரல் பட்டதும் எழுத்து விழும் அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ‘58 விசை’ என்ற பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது.

பிளஸ்ஸில் 58 விசை இருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 40 மட்டும்தான். மிச்சம் 18-ல் இரண்டு, ஷிப்ட் விசைகளின் மறுபிரதி. மீதி 16-உம் ஒரே அழுத்தில் இரண்டு விசையை அழுத்துகிற வேலையைச் செய்கின்றன. டிலீட் என்றால் கேப்ஸ் ஷிப்டும் 0-வும். இடது அம்பு என்றால் கேப்ஸ் ஷிப்டும் 5-உம். சின்க்ளேர் இதற்காகவே மெம்பிரேனில் கூடுதல் அடுக்குகள் வைத்தது. சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சில் ஒரே ஒரு தொடுமுனைதான், ஒரு இணைப்பைத்தான் மூடும். அதனால் அந்த 16-க்கும் 4066 மாதிரி சுவிட்ச் வேலை செய்யும் சிப்களோ சிறு மைக்ரோகன்ட்ரோலரோ வைத்துத் தனிச் சுற்று அமைத்தாக வேண்டும். உங்கள் நண்பரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “டிலீட் விசையை எப்படி வயர் பண்ணுவீங்க?” தயங்காமல் பதில் சொன்னால் அவருக்கு வேலை தெரியும். “எல்லா விசையும் ஒரே மாதிரிதான்” என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். 40 விசை, கூட இரண்டு ஷிப்ட் போதும் என்று முடிவு செய்தால் சுற்றும் எளிது, செலவும் குறையும். நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், பழைய மேல்மூடியை வெட்ட யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். புதிய மேல்மூடியை 3டி பிரிண்ட் செய்துகொள்ளலாம். மெயின் போர்டிலும் எதையும் சால்டர் செய்ய வேண்டியதில்லை. வால் செருகும் இரண்டு கனெக்டர்களிலேயே புது கீபோர்டையும் இணைக்கலாம். அதில் தடித்த பின்களைத் திணித்தால் உள்ளே இருக்கும் தொடுமுனை அகன்றுவிடும், பிறகு மெம்பிரேன் வாலைப் பிடிக்காது. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தட்டையான நெகிழ் வாலாகச் செய்யச் சொல்லுங்கள். நாளைக்கே பழைய கீபோர்டு வேண்டும் என்றால் அரை மணி நேரத்தில் அப்பாவின் கம்ப்யூட்டர் பழையபடி உங்கள் கைக்கு வர வேண்டும். இதை எழுதியே வாங்குங்கள்.

கட்டி முடித்ததும் இந்தச் சிறு பேசிக் நிரலை ஓட்டிச் சோதியுங்கள்: 10 பிரிண்ட் அட் 0,0; இன் 57342: கோ டு 10. திரையின் மூலையில் ஒரு எண் நிற்கும், 255 அல்லது 191. எழுத்துகளின் முதல் வரிசையில் வலது கடைசி விசையை அழுத்தினால் அதில் 1 குறைய வேண்டும். அடுத்தடுத்து இடதுபக்கமாக 2, 4, 8, 16 குறைய வேண்டும். விட்டதும் பழைய எண் வர வேண்டும். ஒரு விசைக்கு இரண்டு எண் குறைந்தால் எங்கோ ஈயம் ஒழுகிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டிருக்கிறது. மற்ற அரை வரிசைகளுக்கும் 57342-க்குப் பதிலாக வேறு எண்கள் உண்டு. இந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கடைசியாக, கீபோர்டை விட அவசரமான ஒன்று: அடாப்டர். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், 1.4 ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். கடையில் சாதாரணமாகக் கேட்டால் தரும் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவாக இருக்கும். அதைச் செருகினால் போர்டே போய்விடலாம். அடாப்டர் மேலே இருக்கும் வட்டக் குறியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது ரப்பர் விசை 48கே ஸ்பெக்ட்ரம். அதே கருப்பு உடலுக்குள் மெக்கானிக்கல் சுவிட்ச் வைக்க முடியுமா? (லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முழு உயர சுவிட்ச் வைக்க முடியாது. அகலத்தில் பிரச்சினை இல்லை. சுவிட்சுகளுக்கு நடுவே வழக்கமான இடைவெளி 19.05 மில்லிமீட்டர், பத்து விசைக்கு 190 சொச்சம். உங்கள் உடல் 233 மில்லிமீட்டர் அகலம். இடிக்கிறது உயரம்தான். மொத்தமே 30 மில்லிமீட்டர், அதற்குள் போர்டும் வோல்டேஜ் ரெகுலேட்டரின் வெப்பத் தகடும் உட்கார்ந்திருக்கின்றன.

கைல் சாக் மாதிரி தட்டை சுவிட்ச் பொருந்தலாம். அதில் விசை இறங்கும் தூரம் 3 மில்லிமீட்டர், வழக்கமான முழு உயர வகையான செர்ரி எம்எக்ஸில் 4. ஆனால் சாக் முதல் வகையின் தண்டில் இரண்டு சிறு துளைகள் இருக்கும், எம்எக்ஸில் கூட்டல் குறி. ஒன்றின் கீகேப், அதாவது தண்டின் மேல் மாட்டும் எழுத்துத் தொப்பி, இன்னொன்றில் ஏறாது. சுவிட்சை ஒரு கடையிலும் கீகேப்பை இன்னொரு கடையிலும் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், ரப்பர் உடலை அப்படியே விட்டுவிட்டு, போர்டை மட்டும் புது உடலுக்கு மாற்றுங்கள். இது புது யோசனை இல்லை. 1980-களிலேயே டிகே ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஸ்பெக்ட்ரம் போர்டை உள்ளே வைத்துக்கொள்ளும் உடலோடு கீபோர்டு விற்றன. ரிக் டிக்கின்சன் வடிவமைத்த அந்தச் சின்ன உடல் வெட்டுப்படாமல் இருப்பது நல்லது. விளையாட மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்றால், 2024-ல் வந்த ‘தி ஸ்பெக்ட்ரம்’ என்ற மறுபதிப்பில் யுஎஸ்பி கீபோர்டையே செருகிக்கொள்ளலாம்.

கேள்வி: எந்த சுவிட்ச் வாங்குவது? சிவப்பு, நீலம், பழுப்பு என்று குழப்பமாக இருக்கிறது. (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சிவப்பு வழவழவென்று இறங்கும், பழுப்பில் நடுவில் ஒரு சின்ன இடறல், நீலத்தில் இடறலோடு ‘டிக்’ சத்தமும் வரும். ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் ஒரு விசைக்கு ஒரு முழுச் சொல்லே விழும் என்பதால், அழுத்தியது விரலுக்குத் தெரிவது நல்லது. அதற்குப் பழுப்பு. விளையாட்டு மட்டும்தான் என்றால் சிவப்பு. வீட்டில் குழந்தை தூங்குமென்றால் நீலம் வேண்டாம்.

செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டெரான், கைல், அவுட்டெமு என்று பல நிறுவனங்கள் அதே அளவில் செய்கின்றன. ஒன்று இருபது முப்பது ரூபாய்க்கே நல்லது கிடைக்கும். 40 தேவை என்றால் 45 வாங்குங்கள், ஈயம் வைக்கும்போது ஒன்றிரண்டு கருகும். 5 கால், 3 கால் என்று இரண்டு வகை உண்டு. துளையிட்ட உலோகத் தகட்டில் மாட்டிக் கையால் வயர் செய்வதானால் எதுவானாலும் சரி. 3 காலுக்கு மட்டும் துளையிட்ட பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) என்றால் 5 கால் சுவிட்சின் இரண்டு பிளாஸ்டிக் காலை நறுக்க வேண்டும்.

தகடு 1.5 மில்லிமீட்டர், சதுரத் துளை 14-க்கு 14. லேசர் கட்டிங் கடையில் நேராக 40 துளையும் வெட்டச் சொல்லாதீர்கள். லேசர் கதிரே கொஞ்சம் உலோகத்தைத் தின்னும். முதலில் ஒரு துண்டில் 13.9, 14.0, 14.1 என்று மூன்று துளை போட்டு, சுவிட்சை அழுத்திப் பாருங்கள். எதில் ‘டக்’கென்று உட்கார்ந்து ஆடாமல் நிற்கிறதோ அந்த அளவைச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு முழுத் தகட்டை வீணாக்கினேன். சுவிட்சுகள் எல்லாம் லொடலொடவென்று ஆடின.

கேள்வி: ஸ்பெக்ட்ரம் எழுத்துகளோடு கீகேப் செட் குரூப் பை-யில், அதாவது பலர் சேர்ந்து முன்பணம் கட்டி வாங்கும் முறையில், வருகிறது என்கிறார்கள். முழுப் பணமும் இப்போதே கட்ட வேண்டுமாம். நம்பலாமா? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மொத்தச் செலவில் பெரிய பங்கு கீகேப்புக்குத்தான் போகும், காரணமும் இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் ‘பி’ விசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்து, பிரிண்ட் என்ற கட்டளை, மேற்கோள் குறி, டேப், காப்பிரைட் குறி என்று ஐந்து சங்கதி. வெற்றுக் கீகேப் போட்டால் போக் எங்கே, ட்ரா எங்கே என்று தேடியே நேரம் போகும். இவ்வளவையும் சிறு எண்ணிக்கையில் அச்சிட ஆலைகள் குறைந்தபட்ச ஆர்டர் கேட்கும். அதனால்தான் ஆள் சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள்.

இப்படி ஒரு விற்பனையாளரிடம் நானும் முழுப் பணம் கட்டினேன். பதினான்கு மாதம் கழித்து வந்த பெட்டியில் ஷிப்ட் விசை இரண்டும் இல்லை. எழுதினேன், பதில் வரவில்லை. பணம் போனதை விட அந்த ஒரு வருடக் காத்திருப்புதான் வலித்தது. அதனால் சொல்கிறேன்: கையில் சரக்கு இருக்கிறவரிடம் வாங்குங்கள். முன்பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், பொருள் வராவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். வெளிநாட்டுப் பார்சல் என்றால் சுங்க வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: சூப்பர் மார்க்கெட் பில்லிங் கீபோர்டில் மேலே கண்ணாடிபோன்ற மூடியும் அடியில் தாளும் இருக்கும் கீகேப்பைப் பார்த்திருப்பீர்கள். அது எம்எக்ஸ் தண்டுக்கும் கிடைக்கிறது. நல்ல பிரிண்டரில் நீங்களே அச்சிட்டு, கத்தரித்து உள்ளே வைக்கலாம். தவறானால் அடுத்த தாள். எல்லா வரிசையும் ஒரே உயரமுள்ள வகையாக வாங்குங்கள். வரிசைக்கு வரிசை உயரம் மாறும் செர்ரி வகைக் கீகேப்பில் விசைகளை இடம் மாற்றினால் மேடும் பள்ளமுமாகிவிடும்.

கேள்வி: அதே காலத்துக் கம்ப்யூட்டரான கமடோர் 64-க்கும் இதே முறைதானா? (கொழும்பிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அடிப்படை அதேதான், ஆனால் ஐந்துக்கு எட்டு இல்லை, எட்டுக்கு எட்டுத் தட அமைப்பு. இரண்டு விசைகளைக் கவனியுங்கள். ரிஸ்டோர் விசை அந்த எட்டுக்கு எட்டு வலையில் சேராது, அதற்குத் தனிக் கம்பி. ஷிப்ட் லாக் ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச், சாதாரண சுவிட்ச் வைத்தால் பூட்டாது. கமடோர் 64-ன் பழைய பவர் சப்ளையை நம்பி ஆன் செய்யாதீர்கள். அது கெடும்போது வோல்டேஜ் ஏறி மெமரி சிப்களைக் கொன்றுவிடும். முதல் செலவு புது பவர் சப்ளைக்கு.

கேள்வி: ஆன்லைனில் பழுப்பு சுவிட்ச் 50 ஆர்டர் செய்தேன், சத்தம் போடும் வகை வந்தது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-ன் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. பிரித்துப் பார்த்தால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊர் ஆணையத்திலேயே மனு செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆர்டர் பக்கத்தின் படம், பாக்கெட் லேபிள், சுவிட்சின் தண்டு நிறம் தெரியும் படம், அழுத்தும் சத்தம் கேட்கும் ஒரு சின்ன வீடியோ, இவ்வளவும் சேர்த்து வையுங்கள். பணம் கைக்கு வரும் வரை அந்த ஐம்பதில் ஒன்றுக்குக்கூட ஈயம் வைக்காதீர்கள், காலையும் நறுக்காதீர்கள்.